விதி, ஜாதகம், வேலை, அதிர்ஷ்டம்: தட்டச்சுப் பயிலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் 1994 முதல் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். பதினோரு இயந்திரங்கள், அவற்றில் இரண்டு மழைக்காலம் வந்தால் அடம்பிடிக்கும். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழக அரசின் எழுத்தர் வேலைகளுக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்கள். ஒரு மணி நேரம் தட்டிவிட்டு, விரல் வலிக்கிறது என்று எழுந்து வந்து என் மேசைக்கு எதிரே நிற்பார்கள். கேட்பது தட்டச்சைப் பற்றியதாக இருக்காது. ஒரே கேள்விகள் வருடாவருடம் முகம் மாற்றிக்கொண்டு வருவதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஜோதிடன் இல்லை, பகுத்தறிவுப் பிரசாரகனும் இல்லை. காலையில் சாமி படத்துக்குப் பூப்போட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

விதி என்று ஒன்று உண்டா, சார்?

உண்டு. நீங்கள் பிறந்த வருடம் உங்கள் விதி.

2019 செப்டம்பர் 1-ஆம் தேதி ஒரு குரூப் 4 தேர்வு நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24-இல்தான் நடந்தது. நடுவில் கொரோனா. 2020-இல் பட்டம் வாங்கி, படித்த சூடு ஆறாமல் இருந்த பிள்ளைகளுக்கு எழுத ஒரு தேர்வே இல்லை. அவர்கள் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. சிலர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். சில பெண்களுக்குத் திருமணம் முடிந்துவிட்டது. அந்த 2022 தேர்வுக்கு முதலில் ஏழாயிரத்துச் சொச்சம் இடங்கள் என்றுதான் அறிவிப்பு வந்தது. முடிவு வருவதற்குள் அது பத்தாயிரத்தைத் தாண்டியது. தாக்குப்பிடித்துக் காத்திருந்தவர்களுக்கு மூவாயிரம் நாற்காலிகள் தானாக வந்து சேர்ந்தன. 2025-இல் வந்த அறிவிப்பிலோ 3,935 இடங்கள்தான்.

இதற்கெல்லாம் கிரகம் காரணமா கிருமி காரணமா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். நம் கை படாமல் நம் மேல் வந்து விழுவதை விதி என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்கே ‘காணப்படாதது’ என்றுதான் பொருள். கண்ணுக்குத் தெரியாமல் வருவது. நல்லதாகவும் வரும், கெட்டதாகவும் வரும்.

என் ஜாதகத்தில் அரசு வேலை இல்லையாம். படிப்பதா, விடுவதா?

பத்தாம் இடம் கெட்டிருக்கிறது, சூரியன் பலமில்லை என்று ஜோதிடர் சொல்லியிருப்பார். சரி, ஒரு கணக்குப் போடுவோம்.

2022 தேர்வை எழுதியவர்கள் பதினெட்டு லட்சத்துக்கும் மேல். வேலை கிடைத்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம். அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வருகிற எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு “உனக்கு அரசு வேலை இல்லை” என்று சொல்லும் எவருக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை வாக்குப் பலித்துவிடும். பக்கத்து வீட்டுக் கிளிக்கும் பலிக்கும். அந்த ஊரில் அவர் பெரிய ஜோதிடராகிவிடுவார்; வாக்குப் பலிக்காத ஒருவன் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவரிடம் சண்டைக்குப் போகமாட்டான்.

அதனால் அவர் சொன்னதில் உங்களைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. உங்களைப் பற்றிய செய்தி வேறு இடத்தில் இருக்கிறது. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, போனை அடுத்த அறையில் போட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். 200-க்கு 110 சரியென்றால் ஜோதிடர் சொன்னது இந்த வருடத்துக்கு உண்மை. 165 வந்தால் அவரிடம் கொடுத்த தட்சிணை வீண்.

ஏழரைச் சனி நடக்கிறது. வேலை மாறலாமா?

இந்தக் கேள்விக்கு ஒருமுறை என் மேசையிலிருந்த வேண்டாத தட்டச்சுத் தாளின் பின்புறத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். அதையே இங்கே சொல்கிறேன்.

சனி பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம். ஒரு ராசிக்கு இரண்டரை வருடம். உங்கள் ராசிக்கு முந்தைய ராசி, உங்கள் ராசி, அடுத்த ராசி என்று மூன்றில் இருக்கும் காலம் ஏழரை. ஆக எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டே இருக்கும். இத்துடன் நிற்பதில்லை. உங்கள் ராசிக்கு எட்டில் வந்தால் அஷ்டமச் சனி, நான்கில் வந்தால் அர்த்தாஷ்டமச் சனி, ஏழில் வந்தால் கண்டகச் சனி. மூன்றும் மூன்றும் ஆறு. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு சனி எப்போதும் உண்டு. ஓட்டுநருக்கும் இருக்கலாம். பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்று. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சில் சனி மீனத்துக்குப் போய்விட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026 மார்ச்சில்தான். திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியம். ஆக மேஷ ராசிக்காரர் ஒருவருக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரை தொடங்கிவிட்டது, இன்னொன்றில் ஒரு வருட அவகாசம் இருந்தது. என்னிடம் படித்த பையன் ஒருவன் சரியாக அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டான். கோவையில் ஒரு வேலை, இப்போது வாங்குவதைவிட ஆறாயிரம் கூட. அம்மா பார்த்த ஜோதிடர் போகாதே என்றார். மாமா பார்த்தவர் உடனே போ, இன்னும் தொடங்கவில்லை என்றார். இரண்டு பேரும் அவரவர் பஞ்சாங்கப்படி நேர்மையாகத்தான் சொன்னார்கள்.

நான் அவனிடம் கேட்டது வேறு. அங்கே சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறார்கள்? பி.எஃப். பிடிக்கிறார்களா? அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவரிடமாவது பேசினாயா? கையில் மூன்று மாதச் சாப்பாட்டுக்குப் பணம் இருக்கிறதா? அவன் முகத்தைப் பார்த்தால் இந்த நான்கில் ஒன்றையும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒன்பது கிரகங்களையும் விசாரித்தவன் அந்தக் கம்பெனிக் காவலாளியை விசாரிக்கவில்லை.

ஏழரையில் ஒரு நன்மை இருப்பதையும் சொல்லியாகவேண்டும். அந்தப் பயத்தில் பலர் மெதுவாக வண்டி ஓட்டுகிறார்கள், யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாமல் இருக்கிறார்கள். ஏழரை முடிந்த பிறகும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்னைவிடக் குறைவாகப் படித்தவன் தேர்ச்சி பெற்றுவிட்டான். இது அதிர்ஷ்டம்தானே?

பெரும்பாலும் ஆமாம். வெற்றி பெற்றவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

குரூப் 4-இல் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. உங்களுக்கும் அவனுக்கும் 150 கேள்விகளுக்கு உறுதியாக விடை தெரியும் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐம்பதிலும் இருவரும் குருட்டாம்போக்கில் வட்டத்தை நிரப்புகிறீர்கள். நான்கில் ஒன்று சரியாக வரும் என்றால் சராசரி பன்னிரண்டரை. ஆனால் சராசரி யாருக்கும் அப்படியே வராது. மூன்றில் இரண்டு பேருக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் வரும். மற்றவர்களுக்கு அதற்கும் வெளியே. உங்களுக்குப் பத்தும் அவனுக்குப் பதினைந்தும் வந்தால் ஏழரை மதிப்பெண் வித்தியாசம். (இந்த ஏழரைக்குப் பரிகாரம் கிடையாது.) ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தேர்வில், ஏழரை மதிப்பெண் என்பது உள்ளே இருப்பதற்கும் வெளியே நிற்பதற்குமான தூரம்.

இப்போது 170 தெரிந்த ஒருத்தியைப் பாருங்கள். அவள் முப்பதில்தான் கண்ணை மூடுகிறாள். அவளுக்கு மோசமான நாளாக இருந்து முப்பதில் நான்குதான் சரியானாலும் 174. உங்களில் நல்ல நாள் வாய்த்தவனுக்கு 165. அவளுடைய கெட்ட நாள் உங்களுடைய நல்ல நாளைவிட மேலே நிற்கிறது. படிப்பு அதிர்ஷ்டத்தை ஒழிப்பதில்லை. அதன் காணியைச் சுருக்குகிறது. தெரியாத கேள்விகள் எத்தனையோ, அத்தனை செண்ட் நிலத்தை அதிர்ஷ்டத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள்.

தேர்ச்சி பெற்ற நண்பன்மீது வயிற்றெரிச்சல் வேண்டாம் என்று சொல்வது சுலபம். புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் ‘யாதும் ஊரே’ என்ற முதல் வரி எல்லோருக்கும் தெரியும். உங்கள் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. கடைசி வரிகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஆற்று வெள்ளத்தில் போகும் புணைபோல உயிர் முறைவழிப் போகிறது, அதனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது அது. எழுதியவர் கணியன் பூங்குன்றனார். கணியன் என்றால் காலத்தைக் கணிப்பவன், ஜோதிடன். சோழி உருட்டுகிறவர்கள் யாரும் இவ்வளவு நல்ல பலன் சொல்லி நான் கேட்டதில்லை. தேறியவனைக் கண்டு வாய் பிளக்கவும் வேண்டாம், தேறாத உங்களை நீங்களே மட்டம்தட்டவும் வேண்டாம்.

அப்படியென்றால் எத்தனை முறை எழுதலாம்?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் இதைக் கேட்கத் தயங்கிக் கேட்பவை.

என் பயிலகத்தில் ஒரு பெண் படித்தாள். அப்பா தேங்காய் வெட்டுக்குப் போகிறவர். நான்காவது முறை எழுதிவிட்டு, உத்தேச விடைகள் வெளியான நாள் மாலை ஐந்தாவது இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். தாள் செருகவில்லை. செருகாத உருளைமேல் தட்டிக்கொண்டே இருந்தாள். வரி முடிந்து மணி அடிக்கும், தள்ளிவிட்டு மறுபடி தட்டுவாள். பக்கத்தில் போய் நின்றபோதுதான் சொன்னாள்: “ஒரு கேள்வி சார். முதலில் சரியாகத்தான் யோசித்தேன். நிரப்பும்போது மாற்றிவிட்டேன்.” பின்னால் முடிவு வந்தபோது அவள் பிரிவுக்கு ஒன்றரை மதிப்பெண்தான் குறைந்திருந்தது.

அவளை ஐந்தாவது முறை எழுதச் சொன்னேன். அதே வருடம், அதுவரை ஆறு முறை எழுதியிருந்த வேறொரு பையனை நிறுத்தச் சொன்னேன். இரண்டும் ஒரே நியாயம்தான். அவளுடைய மதிப்பெண் நான்கு முறையும் ஏறிக்கொண்டே வந்தது. எல்லைக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். அங்கே நிற்பவர்களுக்கு இன்னொரு முறை எழுதுவது நியாயமான சூதாட்டம். பையனுடைய மதிப்பெண் மூன்றாவது முறையிலிருந்து அங்கேயே நின்றது. அவனுக்கு அதிர்ஷ்டம் குறைவு என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் குறைவாக இருந்தது நாற்பது கேள்வி. அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு பெரிய கை கிடையாது.

ஆகவே என் வழக்கம் இது. முதல் தேர்வு எழுதும் முன்பே ஒரு எண்ணைத் தாளில் எழுதச் சொல்வேன்: மூன்று என்றோ நான்கு என்றோ. தோற்ற பிறகு எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை. அப்போது மனம் “இன்னும் ஒன்றே ஒன்று” என்றுதான் சொல்லும். இரண்டாவது தேர்வோடு வீட்டில் சும்மா இருந்து படிப்பதை நிறுத்திவிடவேண்டும். மருந்துக்கடையோ, ஜவுளிக்கடைக் கணக்கோ, பள்ளி அலுவலகமோ, ஏதோ ஒன்று. நேரம் குறையும்தான். ஆனால் நாள் முழுக்கப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் நான்கு மணி நேரம்தான் படிக்கிறது. மீதி நேரம் பயப்படுகிறது.

அப்புறம், குறுகிய வாசலைத் தேடுங்கள். குரூப் 4-இல் இளநிலை உதவியாளருக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். தட்டச்சருக்குத் தனித் தகுதி வேண்டும் என்பதால் அந்த வரிசை சின்னது. கட்-ஆஃபும் வழக்கமாகக் கீழேதான் நிற்கும். சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு வரிசை இன்னும் சின்னது. நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர், 45 அடித்தால் ஹையர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் வைத்திருக்கும் பிள்ளைக்குப் பல ஆயிரம் போட்டியாளர்கள் அந்தப் பயிற்சியாலேயே காணாமல் போய்விடுகிறார்கள். சொந்தக் கடைக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் கடைசியில் தட்டச்சராகத்தான் உள்ளே போனாள்.

உள்ளே ஆள் இருக்கிறதாம். ஐந்து லட்சம் கொடுத்தால் முடித்துத் தருவாராம்.

கொடுக்காதீர்கள். குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண், சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். இதில் அவர் எங்கே கையை நுழைப்பார்?

தரகர் எப்படிப் பிழைக்கிறார் என்று பாருங்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பத்துப் பிள்ளைகளிடம் பணம் வாங்குவார். யாருக்காகவும் ஒரு விரலைக்கூட அசைக்கமாட்டார். ஒருவன் தன் படிப்பாலேயே தேறிவிடுவான். அவன் கொடுத்த ஐந்து லட்சம் இவருக்கு. அதோடு, “பார், அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன்” என்ற சாட்சியும் இவருக்கு. மற்ற ஒன்பது பேரில் சத்தம்போடுகிறவர்களுக்குப் பாதியைத் திருப்பித் தருவார். சத்தம்போடாதவர்கள் நகையை அடகு வைத்த ரசீதோடு நிற்பார்கள். மேலே சொன்ன ஜோதிடரும் இவரும் ஒரே கணக்கில்தான் பிழைக்கிறார்கள். இவருடைய தட்சிணைதான் கூட.

தெரிந்தவர்களால் கிடைக்கும் வேலை வேறு, அது நல்லது. தனியார் வேலைகளில் பாதிக்கு விளம்பரமே வருவதில்லை என்பது என் அனுபவம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களில் இதை ஆராய்ந்து, அறிமுகம் வழியாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குச் செய்தி சொன்னது நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது பார்க்கும் ஆட்கள் என்று கண்டார். யோசித்தால் சரிதான். உங்கள் உயிர்த்தோழனுக்குத் தெரிந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும். பழைய டியூஷன் வாத்தியார், சென்னையில் இருக்கும் அத்தை மகனின் அறைத்தோழன், இவர்களுக்குத்தான் நீங்கள் கேள்விப்படாதது தெரியும். வேலை தேடுவதாக அவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள். கல்யாண வீட்டில் “இப்போது என்ன செய்கிறாய்?” என்று கேட்கும் சித்தப்பாவிடம் எரிந்து விழுவதைவிட இதைச் சொல்வது லாபம்.

ராமானுஜன்கூடப் பரீட்சையில் தோற்றவர்தானே? விடாமல் முயன்றால் நடக்கும்தானே?

இந்தக் கதையைப் பிள்ளைகள் பாதியாகச் சொல்கிறார்கள்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். இது எல்லோருக்கும் தெரியும். அடுத்து அவர் என்ன செய்தார்? தோற்ற பரீட்சையையே வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்களைப் பார்க்கப் போனார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி ஐயர் கணித ஆர்வலர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவரிடம் போனார். நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவிடம் போனார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலையில் சேர்ந்தார். சோற்றுக்கு வழி செய்துகொண்ட பிறகுதான் கேம்பிரிட்ஜுக்குக் கடிதங்கள் போயின. பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் அங்கிருந்த இன்னொரு கணித அறிஞர் ஹார்டிக்குப் போனது. அவர் அதைக் குப்பையில் போடாமல் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார்.

ஹார்டி படித்தது அதிர்ஷ்டம். ஆனால் அந்த அதிர்ஷ்டத்துக்கு ராமானுஜன் கொடுத்த விலையைப் பாருங்கள்: ஒரு தபால் தலை. பதில் வராவிட்டால் மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போய்க் கணக்கு எழுதியிருப்பார், இன்னொரு முகவரி தேடியிருப்பார். நீங்கள் எறியும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வருடம் விலை. விடாமுயற்சி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்காதீர்கள். தோற்றால் ஐம்பது ரூபாய் போகும் முயற்சிகளை நூறு செய்யலாம்: விண்ணப்பம், கடிதம், ஒரு ஆளைப் போய்ப் பார்ப்பது, ஒரு மாலைப் பயிற்சி. தோற்றால் ஒரு வருடம் போகும் முயற்சியை எண்ணித்தான் செய்யவேண்டும்.

ஆரியங்காவில் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கிப் பார்க்கலாமா?

தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-இல் தடை செய்துவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசே நடத்துகிறது. அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் புளியரைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் இருக்கிறது.

2022 ஓணம் பம்பர்: சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. விற்றவை 66 லட்சம் சீட்டுகளுக்கு மேல். அறுபத்தாறு லட்சத்தில் ஒன்று என்பதை மனதில் கற்பனை செய்ய முடியாது. தென்காசி மாவட்டத்தின் மொத்த மக்களைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமான பேர் நிற்கும் கூட்டத்தில் உங்கள் பெயரைக் கூப்பிடவேண்டும். அந்த முறை பரிசு விழுந்தது திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு. ஒரு வாரத்திலேயே, உதவி கேட்டு வருகிறவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை, இந்தப் பரிசு விழாமல் இருந்திருக்கலாம் என்று அவரே சொல்லும்படி ஆனது.

வருடத்துக்கு ஒருமுறை சினிமா டிக்கெட் போல நினைத்து வாங்கினால் நான் திட்டமாட்டேன். பயிலகக் கட்டணம் மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டு வாங்கினால் திட்டுவேன். திட்டியிருக்கிறேன்.

பெயரில் ஒரு எழுத்து கூட்டினால் ராசியாம்.

ஹால் டிக்கெட்டில் ஒரு எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்று ஆகிச் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று அழுதவர்களை எனக்குத் தெரியும். மோதிரம் போடுங்கள், கல் வையுங்கள். தட்டச்சு செய்யும்போது கழற்றிவிடவேண்டும். பெயரைத் தொடாதீர்கள்.

வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் நான்கு மணிக்கு எழுந்தார்களாம். நானும் எழவா?

நான்கு மணிக்கு எழுந்தும் தோற்றவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. எங்கள் தெருவில் பால்காரர் நாற்பது வருடமாக மூன்றரைக்கு எழுகிறார்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊழ் அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் ஒரு திடுக்கிடும் வார்த்தை சொல்கிறார்: ‘ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி’. பொருள் சேர வேண்டிய ஊழ் இருந்தால் சோர்வில்லாத முயற்சி தோன்றும். போக வேண்டிய ஊழ் இருந்தால் சோம்பல் தோன்றும். முயற்சி ஒரு பக்கம், விதி ஒரு பக்கம் என்று நாம் கோடு கிழிக்கிறோம். அவர் முயற்சிக்கு உள்ளேயே விதியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். பல வருடம் இந்தக் குறள் எனக்குப் பிடிக்கவில்லை. சோம்பேறிக்குச் சாக்குச் சொல்வதுபோல இருந்தது. பிறகு ஒரு மாணவனின் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. பாட்டி இருமிக்கொண்டிருந்தார், டிவி ஓடிக்கொண்டிருந்தது, அண்ணன் குடித்துவிட்டு வந்து படுத்திருந்தான். அந்தப் பையன் நான்கு மணிக்கு எழுந்தால் விளக்கைப் போட்டு ஐந்து பேரை எழுப்பவேண்டும். அவனைச் சோம்பேறி என்று நான் இரண்டு மாதம் திட்டியிருந்தேன்.

பயிலகச் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்தேன். இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து காலை ஆறிலிருந்து எட்டு வரை படித்தான். நூலகம், கோயில் மண்டபம், பள்ளிக்கூடத் திண்ணை, ஏதாவது ஒரு இடத்தைப் பிடியுங்கள். மன உறுதி வளர்ப்பதைவிட இடம் மாறுவது சுலபம்.

உங்கள் ஜாதகத்தில் என்ன எழுதியிருந்தது, சார்?

அரசு உத்தியோகம் என்று எழுதியிருந்தது. அம்மா அதைத் தகரப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். ஐந்து முறை எழுதினேன். இந்தப் பயிலகத்தைக்கூட “அடுத்த தேர்வு வரும்வரை” என்றுதான் மூன்று பழைய ரெமிங்டன்களோடு திறந்தேன். வயது வரம்பு தாண்டிய மாதம், அம்மா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அதை எழுதிய ஜோதிடரிடமே நேராகப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டார். அம்மா சொன்னார்.

“அரசு உத்தியோகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தானே சொல்லிக்கொடுக்கிறான்? பலன் சரியாகத்தான் நடக்கிறது, தாயி” என்றார்.

அம்மாவுக்குப் பரம திருப்தி. தட்சிணை ஐம்பது ரூபாய். என்னிடம்தான் வாங்கிக் கொடுத்தார்.